சரி பிள்ளை, வைக்கிறன்

மேரினைப் பொறுத்தவரை அப்பாவின் குரல் மத்தியான நித்திரையோடு சேர்ந்தது. சீனாவில், சாங்ஷா நகரத்துத் தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கப் போன நாளிலிருந்து அப்படித்தான். அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்தால் முழுப் பள்ளிக்கூடமும் படுத்துவிடும். பிள்ளைகள் மேசையில் தலை கவிழ்ப்பார்கள், ஆசிரியர்கள் மடக்குக் கட்டிலை விரிப்பார்கள், திரைச்சீலையை இழுத்துவிட்டு விளக்கை அணைப்பார்கள். ஒஸ்லோவில் இப்படி நடந்தால் பெற்றோர் பத்திரிகைக்கே போயிருப்பார்கள். முதல் மாதம் மேரின் அந்த இருட்டில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தாள். பிறகு அப்பாவின் குரல்பதிவுகள் வரத் தொடங்கின.

அப்பா என்றால் அருளானந்தன். மன்னார் பேசாலையில் பிறந்து, எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்கு வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் கை விறைத்து, பிறகு ஒஸ்லோவில் பஸ் ஓட்டத் தொடங்கியவர். அங்கே மத்தியானம் என்றால் இங்கே விடியற்காலை. டிப்போவில் பஸ்ஸைச் சூடாக்க விட்டுவிட்டு மகளுக்கு ஒரு பதிவு அனுப்புவார். வாட்சப் சீனாவில் ஒழுங்காக வேலை செய்யாது. அதனால் வீசாட்டை அவருடைய போனில் ஏற்றி, எதை அமத்திப் பிடித்துக்கொண்டு கதைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் மேரின் விமானம் ஏறினாள். வீடியோவில் கதைக்க அவருக்குப் பிடிக்காது. நடுவில் முகம் உறைந்து நின்றால் செத்தவீட்டுப் படம் மாதிரி இருக்கிறதாம். ஆகவே குரல்தான். சாப்பிட்டியோ, கோயிலுக்குப் போனியோ, இஞ்சை பனி கொட்டுது, இவ்வளவுதான் விஷயம். முடிக்கும்போது மட்டும், ரெலிபோனில் கதைத்தவர் மாதிரி, "சரி பிள்ளை, வைக்கிறன்" என்பார். பதிவில் வைக்க என்ன இருக்கிறது? எத்தனையோ தரம் சொல்லியும் மனிதர் மாற்றவில்லை. பஸ் இரைச்சலோடு அந்த வார்த்தை காதில் விழுந்ததும் மேரினுக்கு நித்திரை வந்துவிடும்.

அவள் ஏன் சீனாவுக்குப் போனாள் என்பதற்கு ஒஸ்லோத் தமிழரின் கத்தோலிக்கக் கோயிலில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். காதல் தோல்வி என்றார்கள். முப்பது தாண்டியும் கலியாணப் பேச்சுக்குப் பிடி கொடுக்காதவள், அதற்குப் பயந்து ஓடிவிட்டாள் என்றார்கள். ஒரு மண்ணும் இல்லை. ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் வளர்ந்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஆறு வருடம் படிப்பித்தவள். இங்கேயே பிறந்தும் "நீ எந்த நாடு?" என்று கேட்கிற வாய்கள் ஓய்வதாயில்லை. ஒருமுறை உண்மையாகவே வெளிநாட்டுக்காரியாக இருந்து பார்ப்போமே என்று கிளம்பிவிட்டாள். அம்மா றோஸ், மேரினுக்குப் பதினேழு வயதில் புற்றுநோயில் போனவள். அண்ணன் றெஜினோல்ட், பக்கத்து ரொம்மனில் மனைவி பிரியந்தினியோடு இருப்பவன், இஞ்சை இல்லாத பள்ளிக்கூடமோ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அப்பா மட்டும்தான் போய்வா என்றார்.

சாங்ஷாவில் அவளுக்கு முதலில் கிடைத்தது அவமானம். நோர்வே ஆசிரியை வருகிறாள் என்று பள்ளிக்கூட வாசலில் பெரிய படமெல்லாம் ஒட்டியிருந்தார்கள். பொன்னிறத் தலைமுடியை எதிர்பார்த்து வந்த பெற்றோர், இவளுடைய மண்ணிறத்தைப் பார்த்ததும் அதிபரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மறுநாள் அதிபர் சிரித்தபடி ஒரு நோர்வேக் கொடி ஊசியைக் கொண்டுவந்து, தினமும் சட்டையில் குத்திக்கொள்ளச் சொன்னார். மேரின் குத்திக்கொண்டாள். வேறென்ன செய்வது? இரண்டு மாதத்தில் அதே பெற்றோர் மண்டரின் தோடம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். சுடுதண்ணீர்ப் போத்தலோடு திரியப் பழகினாள். காலையில் வகுப்பே சேர்ந்து உரத்து வாசிக்கிற சத்தத்தில் தானும் கத்தப் பழகினாள். பக்கத்து மேசையில் இருந்த லின் என்ற சீன ஆசிரியை சிநேகிதியானாள்.

விடுமுறைதான் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அங்கே விடுமுறையைச் சும்மா தரமாட்டார்கள், மாறல்தான். மே தினத்துக்கு ஐந்து நாள் விடுவார்கள், பிறகு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டு அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஞாயிறு பூசை போச்சுது அப்பா, திங்கட்கிழமைப் பாடத்தை ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறன் என்று அவள் சொன்னபோது, கடவுளுக்கும் மாறல் லீவு குடுத்திட்டாங்களோ என்று அப்பா சிரித்தார். அப்படி ஒரு மே மாதத்து ஞாயிறு. வேலை முடிந்து களைத்துப்போய் வந்தவள், அப்பாவிடமிருந்து வந்த எட்டு விநாடிப் பதிவைக் கேட்டுவிட்டுப் பதில் போடாமலே படுத்துவிட்டாள். "இஞ்சை மழை பிள்ளை. பின்னேரம் செபமாலைக்குப் போறன். சரி பிள்ளை, வைக்கிறன்." அதில் விசேடமாக ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு நான்கைந்து நாள் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. போன் பழுதாகிவிட்டதாம், றெஜினோல்ட்தான் திருத்திக் கொடுத்தானாம். பின்னால் பஸ் இரைச்சல் இல்லை. பின்னேர வேலைக்கு மாறிவிட்டதால் விடிய வீட்டில்தான் நிற்கிறாராம். அதுவும் சரிதான், குரோருட் வீட்டுச் சுவர் மணிக்கூட்டின் டக் டக் சத்தம் பின்னால் கேட்டதே. அம்மா வாங்கி மாட்டிய மணிக்கூடு அது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மேரினுக்கு வீட்டுக்கே போனது போல இருந்தது.

ஆனி மாதம் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, அவளுடைய வகுப்பில் எமிலியா என்று மேரினே ஆங்கிலப் பெயர் வைத்த பிள்ளையின் தகப்பன் விபத்தில் இறந்துபோனான். உயர்நிலைப் பள்ளிக்கு எடுபடுகிற சோதனைக்கு மூன்று கிழமை இருந்தது. சோதனை முடியும்வரை பிள்ளைக்குச் சொல்வதில்லை என்று வீட்டாரும் பள்ளிக்கூடமும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். மேரின் கொதித்துப்போனாள். தகப்பன் செத்தது தெரியாமல் ஒரு பிள்ளை இறந்தகாலம், நிகழ்காலம் என்று எழுதிக்கொண்டு இருக்கிறது, தான் அதன் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமா என்று லின்னோடு சண்டை பிடித்தாள். எங்கள் பக்கம் இப்படித்தான், தூரத்தில் இருக்கிறவர்களுக்கும் சோதனைக்கு இருக்கிறவர்களுக்கும் கெட்ட செய்தி சொல்லமாட்டோம் என்றாள் லின். அன்றிரவு அப்பாவுக்கு நீளமாக ஒரு பதிவு அனுப்பி, என்ன செய்யட்டும் என்று கேட்டாள். "அதுகள் பிள்ளையின்ரை நன்மைக்குத்தானே செய்யினம். நீ குழப்பாதை. சரி பிள்ளை, வைக்கிறன்" என்று பதில் வந்தது. அப்பாவே சொல்லிவிட்டார் என்று மேரின் வாயை மூடிக்கொண்டாள். சோதனை முடிந்த பிறகு எமிலியா ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். எல்லா ஆசிரியர்களுக்கும் தலை குனிந்தாள், மேரினை மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள்.

மற்றது அவளுடைய சொந்தக் காரியம். ஒப்பந்தம் முடிகிறது. நீடிப்பதா, வீட்டுக்கு வருவதா? எமிலியாவின் பார்வை மனதைப் போட்டுப் பிசைந்துகொண்டு இருந்தது. ஒஸ்லோ நினைவாகவே கிடக்குது அப்பா, நீங்கள் வா எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் வந்திடுறன் என்று கேட்டாள். அடுத்த நாள் மத்தியானம், பிள்ளைகள் தூங்கும் இருட்டில், போனைக் காதோடு வைத்துப் பதிலைக் கேட்டாள். "நீ அங்கை நல்லாத்தானே இருக்கிறாய். இன்னும் ஒரு வருசம் இருந்து பார் பிள்ளை. நான் எங்கை ஓடப்போறன்? சரி பிள்ளை, வைக்கிறன்." அவளுக்குக் கொஞ்சம் நெஞ்சு நொந்தது. வா என்று சொல்வார் என்று நினைத்திருந்தாள். என்றாலும் அப்பா சொன்னால் சரி. அன்று பின்னேரமே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

கோடை விடுமுறைக்காவது வருகிறேன் என்றாள். மடு மாதா திருவிழாவுக்கு இலங்கைக்குப் போகிறேன், கொட்டில் போட்டு இருக்கப்போகிறோம், அங்கே சிக்னலும் இல்லை, நீ வந்தும் ஆளில்லாத வீட்டில் என்ன செய்வாய் என்று பதில் வந்தது. ஆகவே மேரின் லின்னோடு யுன்னான் மலைப்பக்கம் சுற்றுலாப் போனாள். ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டினாள், தேயிலைத் தோட்டத்தில் தொப்பி போட்டுப் படம் எடுத்தாள், எல்லாவற்றையும் அப்பாவுக்கு அனுப்பினாள். நத்தாருக்கு அங்கே லீவு கிடையாது. ஒஸ்லோத் தமிழ்ப் பூசையை நேரலையில் பார்த்தாள். மன்றாட்டு நேரத்தில் மட்டும் சத்தம் நின்று போய்த் திரும்ப வந்தது. கமராவுக்குப் பொறுப்பாக இருக்கும் கிறிஸ்ரி அன்ரிக்கு வாழ்த்து அனுப்பி, அப்பாவைக் காணவில்லையே என்று கேட்டாள். முன் வரிசையில்தான் இருக்கிறார், தூண் மறைக்கிறது என்று அன்ரி எழுதினாள்.

அடுத்தது சீனப் புதுவருடம். ஒரு மாத விடுமுறை, மாறல் இல்லாத ஒரே விடுமுறை. நகரமே மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது, நான் மட்டும் ஏன் இங்கே கிடக்க வேண்டும் என்று மேரினுக்கு ரோசம் வந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் விமானச் சீட்டு எடுத்தாள். வந்தது பாம்பு வருடம். அப்பா பிறந்ததும் பாம்பு வருடத்தில்தான். தன்னுடைய வருடம் திரும்ப வரும்போது ஒருவருக்குக் கண்டம் இருக்கும், சிவப்புக் காலுறை போட்டால் காக்கும் என்பது அங்கே வழக்கம். லின்னே கடைக்குக் கூட்டிப்போய், தடித்த சிவப்புக் காலுறை இரண்டு சோடி தெரிந்து கொடுத்தாள். கத்தோலிக்க மனிதர் இதைப் போடுவாரோ என்று மேரின் வழி முழுக்க யோசித்துச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

கார்டர்மூன் விமான நிலையத்தில் இறங்கி, ரெயின் பிடித்து, குரோருட்டுக்கு வந்து சேர்ந்தபோது காலை ஏழு மணி இருக்கும். தை மாதத்து இருட்டு. பெட்டியைப் படியில் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். கதவடியில் நின்று மூச்சை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் போனில் சொன்னாள்.

"அப்பா, என்ன செய்யிறியள்?"

உள்ளே டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. மேரின் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அப்பால் அப்பா செருமினார். "இப்பதான் எழும்பினனான் பிள்ளை. தேத்தண்ணி போடப்போறன். இஞ்சை சரியான குளிர். சரி பிள்ளை, வைக்கிறன்." அவள் தன் திறப்பைப் போட்டுக் கதவைத் தள்ளினாள்.

கூடத்தில், சுவர் மணிக்கூட்டுக்கு நேர் கீழே, அப்பாவின் போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி நின்றது றெஜினோல்ட். வேலைக்குப் போகிற உடுப்பில், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

கையும் களவுமாக என்பார்களே, அதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். ஆனால் மேரினுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் விளங்கவில்லை. அவள் அண்ணனைத் தாண்டி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். குசினியைப் பார்த்தாள். குளியலறைக் கதவைத் தட்டினாள். "அப்பா இப்ப கதைச்சவர். எங்கை அப்பா?" என்றாள். அப்பாவின் கட்டிலில் விரிப்பு இல்லை. வெறும் மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். "செத்திட்டாரோ?" என்று கேட்டாள்.

இல்லை, இருக்கிறார் என்றான் றெஜினோல்ட். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். மே மாதம் பக்கவாதம் வந்தது. செபமாலையால் வந்து படியில் விழுந்து கிடந்தவரைக் கீழ் வீட்டுக்காரர்தான் கண்டது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சுப் போய்விட்டது. ஒரே ஒரு சொல்லுத்தான் மிச்சம். எதைக் கேட்டாலும் ஓம் என்பார்.

மே மாதம். மேரின் அந்த இடத்திலேயே பெட்டியின் மேல் இருந்துவிட்டாள். எட்டு மாதம் அவளுடைய காதோடு கதைத்தது இவன். எமிலியாவுக்குச் சொல்லாதே என்றது இவன். நான் எங்கை ஓடப்போறன் என்று, ஒரு கை அசைக்க ஏலாமல் கிடந்த மனிதரின் குரலில் சொன்னதும் இவன். அவள் ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டுகிற படத்தைப் பார்த்து "வடிவாயிருக்கு பிள்ளை" என்றதும் இவன்தான்.

அந்தக் குரலில் அவள் ஏமாந்தது முதல்தரம் இல்லை. பேசாலைக்காரருக்குப் பாஸ்கு என்றால் உயிர். யேசுவின் பாடுகளை மேடையில் சிலர் நடிக்க, வசனத்தைத் திரைக்குப் பின்னால் நின்று வேறொருவர் சொல்வார். ஒஸ்லோவிலும் கோயில் மண்டபத்தில் அப்படித்தான் போட்டார்கள். யேசுவுக்குக் குரல் எப்போதும் அருளானந்தன். ஒரு வருடம் அவருக்குத் தொண்டை கட்டிவிட, இருபது வயது றெஜினோல்ட் நின்று சொன்னான். சபையில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முன் வரிசையில் இருந்த மேரின், அப்பாவின் குரல் சிலுவையில் தாகமாயிருக்கிறது என்று சொன்னபோது தேம்பித் தேம்பி அழுதாள். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் சிரித்திருப்பார்கள்.

"ஒவ்வொரு நாளும் இஞ்சை வந்தனீங்களோ? இதுக்காகவோ?" என்று கேட்டாள்.

"ஓம். மணிக்கூட்டுச் சத்தம் வேணும். இல்லாட்டி நீ கண்டுபிடிச்சிடுவாய்."

அதைச் சொல்லும்போது அவனுடைய குரலில் ஏதோ தியாகம் செய்தவனின் தொனி இருந்தது. ரொம்மனிலிருந்து விடியற்காலையில் எழும்பி வந்து, ஆளில்லாத வீட்டில் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான் மனிதன். அந்தச் சிரத்தையில் பாதியை உண்மை சொல்வதில் காட்டியிருக்கலாம். ஆருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டாள். எல்லாருக்கும் தெரியும் என்றான். ஞாயிறுதோறும் மன்றாட்டில் அப்பாவின் பெயரைச் சொல்லிச் செபிக்கிறார்களாம். அந்த நேரம் மட்டும் கிறிஸ்ரி அன்ரி நேரலையின் சத்தத்தை நிறுத்திவிடுவாளாம். குறொன்லாண்ட் தமிழ்க் கடைக்குக் கறிவேப்பிலை வாங்க வருகிறவனுக்குத் தெரிந்தது, பெற்ற மகளுக்குத் தெரியவில்லை. ஒரு சபையே சேர்ந்து அவளைப் பேய்க்காட்டியிருக்கிறது, செபித்துக்கொண்டே பேய்க்காட்டியிருக்கிறது.

அவள் கத்தவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டாள். நீ தனிய அந்த நாட்டில் என்ன செய்வாய், பயந்து ஓடி வருவாய், வேலை கெட்டுப்போகும், உன் நன்மைக்குத்தான் என்று றெஜினோல்ட் தொடங்கினான். நன்மை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அதை எனக்குச் சொல்லாதேங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ."

அவன் போனைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"நீ வந்திருந்தா அப்பாவை அங்கை விட விட்டிருக்கமாட்டாய். நீயே வைச்சுப் பாக்கிறன் எண்டு நிண்டிருப்பாய். எங்களையும் பாக்கச் சொல்லியிருப்பாய். பிரியந்தினிக்கு ஏலாது. எனக்கும் ஏலாது மேரின்."

இதுதான் விஷயம். அறுபதுகூட ஆகாத மனிதரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அதைத் தடுக்கக்கூடிய ஒரே ஆளை உலகத்தின் மறு கரையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் ஒருவேளை அவளும் சம்மதித்திருப்பாள். அதுதான் அவளுக்கு இன்னும் கூடுதலாக வலித்தது. பிறகு றெஜினோல்ட் கடைசியாக ஒன்றை எடுத்துவிட்டான். "நான் கேக்காமல் செய்யேல்லை. மேரினுக்குச் சொல்லாமல் விடட்டோ எண்டு அப்பாட்டைக் கேட்டனான். ஓம் எண்டவர். ஒரு வருசம் கூட இருக்கச் சொல்லட்டோ எண்டும் கேட்டனான். அதுக்கும் ஓம் எண்டவர். சத்தியமாய்."

இவர்கள் எல்லாரும் பேய்க்காட்டினார்கள், சரி. அப்பாவும் அப்படித்தான் நினைத்தாரா? படுத்த படுக்கையிலும் மகள் வரவேண்டாம் என்றுதான் சொன்னாரா? வேறு எதைவிடவும் அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வாங்கோ போவம் என்று எழும்பிப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

இல்லம் காரில் பத்து நிமிடத் தூரம்தான். அறையில் அருளானந்தன் யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். பாதியாய் வற்றியிருந்தார். யாரோ தலையை வகிடு மாற்றிச் சீவியிருந்தார்கள். மகளைக் கண்டதும் அவருடைய இடது கை தானாக எழும்பியது, வாய் ஒரு பக்கமாகக் கோணியது, கண்ணீர் வழிந்தது. "ஓம்" என்றார். "ஓம், ஓம், ஓம்." மேரின் அவருடைய மடியில் முகத்தை வைத்துக்கொண்டு கனநேரம் எழும்பவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணனையும் கிட்ட வந்து நிற்கச் சொன்னாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"அப்பா, எனக்குச் சொல்ல வேண்டாமெண்டு நீங்களோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

றெஜினோல்ட் மூச்சு விட்டான். பார்த்தாயா என்பது போல நின்றான். ஆனால் மேரின் ஆசிரியை, ஒரு கேள்வியோடு விடமாட்டாள்.

"நான் உடனை வரவேணுமெண்டு விரும்பினனீங்களோ?"

"ஓம்."

"இண்டைக்கும் நீங்கள்தானே பஸ் ஓடினது?"

"ஓம்."

"றெஜினோல்ட் செத்துப்போனானோ அப்பா?"

"ஓம்" என்றார் அருளானந்தன், மகனை அன்போடு பார்த்துக்கொண்டே.

எட்டு மாதமாக அவன் கையில் வைத்திருந்த அனுமதி அவ்வளவுதான். இது அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அறைக்குள் வருகிற தாதி சாப்பாடு வேணுமோ என்று கேட்டாலும் ஓம், வேண்டாமோ என்று கேட்டாலும் ஓம். தெரிந்துகொண்டுதான் தனக்குத் தோதான கேள்வியை மட்டும் கேட்டிருக்கிறான்.

மேரின் தன் போனை எடுத்தாள். ஆனி மாதத்துப் பதிவைத் தேடிப் பிடித்து, சத்தத்தைக் கூட்டி, அப்பாவின் காதுப் பக்கம் பிடித்தாள். "நீ அங்கை நல்லாத்தானே இருக்கிறாய். இன்னும் ஒரு வருசம் இருந்து பார் பிள்ளை. நான் எங்கை ஓடப்போறன்? சரி பிள்ளை, வைக்கிறன்." அருளானந்தன் தன்னுடைய சொந்தக் குரலைக் கேட்டார். தான் சொல்லாததைக் கேட்டார். நெற்றி சுருங்கியது. இது நீங்களோ அப்பா என்று மேரின் கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். ஓம் வரவில்லை. நாக்கு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது, ஒன்றும் வரவில்லை. பிறகு போனிலிருந்து கண்ணை எடுத்து, திரும்பி மகனைப் பார்த்தார். பாஸ்குத் திரைக்குப் பின்னால் தனக்காக நின்று குரல் கொடுத்தவனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

றெஜினோல்டால் அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்த அப்பாவின் போனை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனான். கதவைச் சாத்தும்போது அவனும் அழுதான் என்றுதான் சொல்ல வேண்டும். அழட்டும்.

மேரின் பெட்டியிலிருந்து சிவப்புக் காலுறையை எடுத்து, நிலத்தில் இருந்து, அப்பாவின் கால் இரண்டிலும் போட்டுவிட்டாள். பாம்பு வருடக் கதையைச் சொன்னாள். கண்டம் இனி வராது அப்பா, முதலே வந்திட்டுது, நான்தான் பிந்திட்டன் என்றாள். ஓம் என்றார். நான் திரும்பிப் போகட்டோ என்று கேட்டாள். ஓம் என்றார். போகாமல் இஞ்சையே நிக்கட்டோ என்று கேட்டாள். அதற்கும் ஓம்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சின்ன வயதிலிருந்து எந்தக் காரியத்தையும் அப்பாவிடம் கேட்டுத்தான் செய்தவள். இனி அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. அவர் கடைசியாக என்ன சொல்ல நினைத்தார் என்பதை இனி ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆனியிலே கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார். அந்த ஓமாவது அவளுக்குக் கிடைத்திருக்கும். அதையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் றெஜினோல்ட் தன்னுடைய வசனத்தை வைத்துவிட்டான்.

அவள் வீசாட்டைத் திறந்து, பொத்தானை அமத்திப் பிடித்துக்கொண்டு, போனை அப்பாவின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"ஏதும் சொல்லுங்கோ அப்பா."

"ஓம்."

இரண்டு விநாடி. அனுப்பினாள். கட்டிலில் கிடந்த அப்பாவின் போன் டிங் என்றது. அதை எடுத்து அவருடைய இடது கையில் வைத்து, தட்டிக் காட்டினாள். ஓம் என்று அவருடைய சொந்தக் குரல் வந்தது. அருளானந்தன் போனைப் பார்த்து, யாரோ தெரிந்த ஆளுக்குப் பதில் சொல்வது போல, "ஓம்" என்றார்.

கதவின் கண்ணாடிக்கு வெளியே றெஜினோல்ட் நின்றுகொண்டிருந்தான். மேரின் அவனைக் கண்டாள், கூப்பிடவில்லை.